கப்பலேறிய தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்களுக்கு

பழைய வடஆற்காட்டுக் கிராமங்களில் முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். 1980இல் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை அரசு ஒழித்ததல்லவா, அதற்குப் பிறகு தேர்வெழுதி உள்ளே வந்தவர்களில் ஒருவன். பட்டா மாறுதல், சாதிச் சான்று, அடங்கல் என்று ஓடிய பிழைப்பில் எனக்குப் பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான்: வாரிசுச் சான்றுக்காகக் கொடிவழி எழுதுவது. ஒரு கிழவரைத் திண்ணையில் உட்காரவைத்து, பாட்டன் யார், பாட்டனுக்கு எத்தனை தாரம், எந்தத் தாரத்துக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டு எழுதினால் ஊரின் பாதிக் கதை வந்துவிடும். அந்தக் கொடியில் சில கிளைகள் மொட்டையாக நிற்கும். "அவன் கப்பலேறிப் போய்விட்டான்" என்பார்கள். நானும் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுவேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அப்படியொரு மொட்டைக் கிளை டாக்சியில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்தவர். அறுபது வயதிருக்கும். தமிழ் நாலு வார்த்தை தெரியும். கையில் ஒரு கப்பல் பட்டியலின் நகல். "சார், இவருக்கு இவருடைய கொள்ளுத் தாத்தாவின் ஊர் வேண்டுமாம்" என்றார் ஓட்டுநர், ஏதோ ஓட்டலுக்கு வழி கேட்பதுபோல. அந்த மனிதரை நான் தப்பான ஊருக்குக் கூட்டிப்போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு இதுவரை பதினொரு குடும்பங்களுக்குத் தேடியிருக்கிறேன். ஐந்து குடும்பங்களுக்கு ஊர் கிடைத்தது. அவற்றில் இரண்டுக்குத்தான் இன்னாருடைய வழி என்று உறுதியாகச் சொல்லத்தக்க உறவுக்காரர்கள் கிடைத்தார்கள். மற்றவர்களுக்குத் தேடல் தாலுகாவோடு நின்றுவிட்டது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு நண்பருக்காக இங்கிருந்து தேடித் தருகிறவர்களும் இதை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் உங்கள் வீட்டு அலமாரி

தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், பிஜி ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததிக்கு ஒரு வசதி உண்டு. வெள்ளைக்காரன் கணக்கு எழுதிவைத்தான். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒரு லட்சத்து 52 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். டர்பன்காரரின் கொள்ளுத் தாத்தாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. கலப்பை பட்ட தழும்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆதாரம் ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்துக் கிழவர்கள் பலருக்கு அங்கே தழும்பு பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் தேட வேண்டியது அந்த எண்ணை. தாத்தாவின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, இறப்புச் சான்று, பாட்டியின் டிரங்குப் பெட்டி அடியில் கிடக்கும் மடித்த காகிதம் எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும், எண் ஒன்றாகவே இருக்கும். எண் கிடைத்தால் நேட்டால் பட்டியல்களுக்கு டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்தை அணுகலாம். மொரிஷியஸ்காரர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கே பிற்காலத்தில் வந்தவர்களின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போகத் தொடங்கியது 1903இல். அவர்களுடைய பயண அனுமதிச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்களில் பலர் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏறினார்கள், அவர்களுடைய பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும்.

எங்கே கேட்டாலும் தட்டச்சு செய்த பட்டியலோடு திருப்தி அடையாதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் கங்காணி. தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்து, தெரிந்த பத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போவார். தனித்தனியாக ஆளுக்கொரு சீட்டு கிடைப்பது அரிது. ஆனால் கங்காணி முறையிலேயே ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. அவர் தன் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் திரட்டினார். ஆகவே உங்கள் தாத்தா எந்த ஊர் என்று தெரியாவிட்டாலும், அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் எந்த ஊர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மலேசியாவின் ஈப்போ பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு இப்படித்தான் கண்டுபிடித்தோம். அவருடைய வீட்டில் ஒன்றுமே இல்லை. தோட்டத்தில் பழைய கங்காணியின் பேத்தி ஒருவர் இருந்தார், அவர் வீட்டில் கடிதங்கள் இருந்தன.

கடிதம் என்றால் உள்ளே இருப்பதைவிட உறைதான் முக்கியம். அனுப்பியவர் விலாசத்தில் ஊர், தபால், "வழி" என்று ஓர் ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். பின்கோடு இல்லாத உறை என்றால் அது பெரும்பாலும் 1972க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பின்கோடு வந்தது. தபால் முத்திரை மங்கியிருந்தால் உறையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு புதையல் மொய் நோட்டு. கல்யாணத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று எழுதுவது நம் வழக்கம். கடல் கடந்த தோட்டத்திலும் அந்த வழக்கத்தை விடாத குடும்பங்கள் இருந்தன. ரஜுலா கப்பலில் ஊருக்கு வந்துபோன டிக்கெட், பழைய இந்தியப் பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகையில் "பூர்வீகம்" என்று அச்சிட்ட வரி, இவற்றையும் விடாதீர்கள்.

காகிதமே இல்லாத வீடுகளும் உண்டு. அப்போது வாயைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பாட்டியையும் தாத்தாவையும் என்னவென்று கூப்பிட்டார்கள்? ஆயா என்றால் எங்கள் வடக்குப் பக்கத்தைப் பார்க்கலாம். அப்பத்தா என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம். அம்மாயி, அப்புச்சி என்றால் கொங்கு, சேலம். ஆச்சி என்றால் திருநெல்வேலியோ செட்டிநாடோ. அவ்வா என்றால் வீட்டில் தெலுங்கு இருந்திருக்கிறது. இது சத்தியமான சாட்சி அல்ல, கல்யாணத்தில் வந்த மருமகள் தன் ஊர்ச் சொல்லைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனாலும் முப்பத்தெட்டு மாவட்டத்தை ஏழெட்டாகக் குறைத்துத் தரும்.

அடுத்தது சாமி. பெருமாள், முருகன் என்று சொன்னால் எனக்கு உதவாது. வருடத்துக்கு ஒரு நாள், வீட்டுக்குள்ளேயோ கொல்லையிலோ, பெரிய கோயிலுக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு படையல் போடுவார்களே, அது எந்தச் சாமிக்கு? பச்சையம்மனா, கெங்கையம்மனா, அங்காளம்மனா, பெயரே சொல்லாமல் வெறும் செங்கலா? கெங்கையம்மன் என்றால் குடியாத்தம் பக்கத்துக் காற்று அடிக்கிறது, அங்கே வைகாசி முதல் நாள் அம்மன் சிரசு ஊர்வலம் போகும். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பது எங்கள் பக்கத்திலும் தென்னாற்காட்டிலும் ஊருக்கு ஊர் உண்டு. அது தென்னாப்பிரிக்காவிலும் ரீயூனியனிலும் மொரிஷியஸிலும் பிஜியிலும் இன்றும் நடக்கிறதென்றால், கொண்டுபோனவர்கள் எங்கிருந்து போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குமாஸ்தாவின் காதும் இன்றைய வரைபடமும்

பட்டியலில் உள்ள பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். கூப்பூசாமி என்று இருந்தால் குப்புசாமி. மூன்சாமி என்பது முனுசாமியாகவோ முனிசாமியாகவோ இருக்கும். ஊர்ப் பெயரிலும் அதே விளையாட்டுதான். கப்பம் என்று முடிந்தால் குப்பம், பாலியம் என்று முடிந்தால் பாளையம், புட் என்று முடிந்தால் பட்டு. பாக்கம், பட்டு, குப்பம் என்று முடியும் ஊர்கள் வடக்கே தொண்டை மண்டலத்தில் மலிந்து கிடக்கின்றன. பட்டி என்று தெளிவாக முடிந்தால் தெற்கையோ மேற்கையோ பாருங்கள். நான் செய்வது இதுதான்: பட்டியலைக் காட்டாமல், அந்த எழுத்துகளை அப்படியே ஒரு வயதான உள்ளூர்க்காரரிடம் மூன்று முறை உரக்கச் சொல்வேன். எழுத்தறிவில்லாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. படித்தவர்கள் திருத்தப் பார்ப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயராக வழங்கும் கொவெண்டர் நம் கவுண்டர்தான், மூட்லி முதலிதான், படையாச்சி படையாட்சிதான். ஆனால் அந்தப் பெயரை வைத்து ஊரையோ தெருவையோ முடிவு செய்யாதீர்கள். குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே நம்மிடம் இல்லை. அங்கே போன பிறகு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, எதையோ போட்டு நிரப்பினார்கள்.

ஜில்லா பெயர் சிக்கல் பெரிது. பட்டியலில் உள்ள வடஆற்காடு ஜில்லா இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. அதிலிருந்து சித்தூர் 1911இல் பிரிந்தது, 1953இல் ஆந்திராவோடு போய்விட்டது. திருத்தணி மட்டும் 1960இல் திரும்பி வந்தது. மிச்சமிருந்ததை 1989இல் வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று இரண்டாக்கினார்கள். 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே "வடஆற்காடு" என்று கையில் வைத்துக்கொண்டு வேலூருக்கு வந்து இறங்கினால் போதாது. போளூரும் வந்தவாசியும் ஆரணியும் திருவண்ணாமலை மாவட்டம், குடியாத்தம் வேலூர், வாலாஜா ராணிப்பேட்டை. பலமநேர் என்றால் நீங்கள் தேட வேண்டியது ஆந்திராவில், தெலுங்கு தெரிந்த ஆளோடு. தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. பழைய செங்கல்பட்டு 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, செங்கல்பட்டு என்ற பெயரிலேயே 2019இல் ஒரு சிறிய மாவட்டம் மறுபடி பிறந்திருக்கிறது. பழைய செங்கல்பட்டுக்காரர்கள் புதிய செங்கல்பட்டில் மட்டும் தேடி ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் ஜில்லா என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாலுகா உறுதியானதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். 1951, 1961 கையேடுகள் இதற்கு உகந்தவை, அப்போது தாலுகாக்கள் இவ்வளவு சிதறவில்லை. ஊர்ப் பெயர் பட்டியலில் இருந்தும் அங்கே ஊர் இல்லாமல் போகலாம். வருவாய்த் துறையில் அதற்குப் பேச்சிராக் கிராமம் என்று பெயர். விளக்கு இல்லாத ஊர் என்று பொருள், பாரசீகச் சொல். எல்லைக்கல் இருக்கும், சர்வே எண் இருக்கும், குடி இருக்காது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் காலியான இடங்கள் எங்கள் பக்கம் உண்டு. மேட்டூர் அணைக்கு அடியிலும் சாத்தனூர் அணைக்கு அடியிலும் போன ஊர்கள் வேறு. அப்படியானால் அந்த மக்கள் எங்கே குடியேறினார்கள் என்று பக்கத்து ஊரில் கேட்க வேண்டும்.

நில ஆவணத்தில் தேடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது பட்டாவும் அ-பதிவேடும் கணினியில் கிடைப்பதால் வந்த ஆசை. என் வாழ்நாள் முழுக்க அந்தப் பதிவேடுகளோடு இருந்தவன் சொல்கிறேன், நேரத்தை வீணாக்காதீர்கள். அது நிலம் வைத்திருந்தவனின் கணக்கு. கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை.

நான் செய்த தப்பு

டர்பன்காரர் கொண்டுவந்தது தட்டச்சுப் பட்டியலின் நகல். 1889ஆம் ஆண்டு. பெயர் முனுசாமி, தகப்பன் பெயர் சின்னப்பையன். ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது, தாலுகா இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தப் பெயரில் என் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஓர் ஊர் இருந்தது. நான் வேலை பார்த்த பிர்காதான், அதாவது வருவாய்த் துறை சேர்த்துவைத்த கிராமங்களின் தொகுதி. எனக்குத் தெரியாத ஊரா என்ற கர்வத்தில் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

டீக்கடையில் இறங்கியதும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "இவர் டர்பனிலிருந்து வந்திருக்கிறார். இவருடைய கொள்ளுத் தாத்தா முனுசாமி, சின்னப்பையன் மகன், இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்." அரை மணி நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எங்கள் தாத்தாவின் பெரியப்பாதான் அவர்" என்று டர்பன்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. மாலை, பொன்னாடை, மறுநாள் கிடா வெட்டு. டர்பன்காரர் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து மூலப் பக்கத்தின் படத்தை வாங்கி எனக்கு அனுப்பினார், நன்றிக்காக, சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளச் சொல்லி. பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டச்சில் கேள்விக்குறி இருந்த இடத்தில் மை படர்ந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. வந்தவாசி. அதே பெயரில் அந்தத் தாலுகாவில் இன்னோர் ஊர் இருக்கிறது.

அந்தக் கைப்பிடித்தவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கப்பலேறியவன் இல்லாத ஊர் இல்லை, முனுசாமி இல்லாத குடும்பமும் இல்லை. நான் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே கொடுத்தேன், அவர் பதிலை எடுத்துக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன்: ஊருக்குள் போனதும் உங்கள் சீட்டை விரிக்காதீர்கள். "இந்த ஊரிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் உண்டா? யார் வீட்டில்? அவர் பெயர் என்ன? அவர் தகப்பன் பெயர்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு ஒப்பிடுங்கள். பேரன் என்றால் பெயரன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கமாதலால், சின்னப்பையன் என்ற பெயர் அந்த வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். குலதெய்வம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பொருந்தினால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். டிஎன்ஏ பரிசோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊரில் ஒருவராவது செய்துகொண்டிருந்தால்தானே ஒப்பிட முடியும்?

டர்பன்காரருக்குக் கடிதம் எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பதில் இரண்டே வரி. அந்த வீட்டுப் பையனுக்குப் பாலிடெக்னிக் படிப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதை நிறுத்தப்போவதில்லை, வந்தவாசிக்கு எப்போது வரலாம்?

சாதிக் கட்டம்

பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருடம் சாதிச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டவன் என்பதால் அந்தக் கட்டத்தின் கனம் எனக்குத் தெரியும். மொரிஷியஸிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் குடும்பம் பெரிய நிலக்கிழார் குடும்பம் என்று கேட்டே வளர்ந்தவர். கட்டத்தில் பறையர் என்று இருந்தது. "தப்பாக எழுதியிருப்பார்களா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் பெயரையும் ஊரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பிடிக்காத விஷயத்தில் மட்டும் குமாஸ்தாவைச் சந்தேகப்படுவது சரியில்லை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இது வெறும் மனக்கஷ்டம் அல்ல, வழி கண்டுபிடிப்பதற்கும் இது வேண்டும். எங்கள் கிராமங்களில் ஊர் தனி, காலனி தனி. வருவாய்க் கணக்கில் ஒரே பெயர், நடந்து போனால் நடுவில் ஒரு வயலோ ஓடையோ இருக்கும். வெளிநாட்டுக்காரர் காரில் வந்தால் எல்லோரும் ஊர்த்தெருவுக்குத்தான் கைகாட்டுவார்கள். காலனிக்குப் போக வேண்டும் என்றால் "அங்கே எதற்கு?" என்று கேட்கும் ஆளும் இருப்பான். போங்கள். டீக்கடையில் நின்று கட்டத்தை உரக்கப் படிக்கவும் வேண்டாம், அதற்காக வேறு தெருவில் போய்த் தாத்தாவைத் தேடவும் வேண்டாம். அந்த அம்மா போனார். மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் அவருடைய கன்னத்தைத் தடவிவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஆட்கள்தான் அம்மா கப்பலேறினார்கள். நிலம் வைத்திருந்தவன் எதற்குப் போகிறான்?" கப்பலேறியவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு என்பது புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஊருக்குள் போகும்போது

முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: "நிலத்துக்காக வரவில்லை." சிரிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பங்காளி வந்திருக்கிறார் என்று கேட்டதும் ஊர் நினைப்பது பாகப்பிரிவினையைத்தான். எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் உண்மையான உறவுக்காரரே "அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் தலையாரி போய்ப் பேசிய பிறகு கதவு திறந்தது.

தலையாரிதான் உங்களுக்கு வேண்டிய ஆள். இன்றைய பெயர் கிராம உதவியாளர். எங்களைப் போன்ற அலுவலர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறிப் போகிறவர்கள், அவர் அந்த ஊரிலேயே இருப்பவர், பல ஊர்களில் அவருடைய தகப்பனும் அதே வேலை பார்த்தவர். அடுத்து கோயில் பூசாரி. பெரியவர்களைத் தனித்தனியாக வீடு தேடிப் போக வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்குப் போனால் ஊரின் கிழவிகள் அத்தனை பேரும் ஒரே மரத்தடியில் கிடைப்பார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பெண்கள் யார் யாருக்கு என்ன முறை என்பதை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

திருவிழா நாளில் போனால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள்கூட ஊரில் இருப்பார்கள், ஆனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. திருவிழாவுக்கு மறுநாள் போங்கள். ஒரு நாளில் திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள். பணம் கொடுப்பதை இரண்டாம் பயணத்துக்கு வையுங்கள், சுற்றுச்சுவர் கதை நினைவிருக்கட்டும். மொழி தெரியாவிட்டால் பெயர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவர் சொந்தக் கருத்து ஒன்றும் சேர்க்கக் கூடாது.

தமிழக அரசு "வேர்களைத் தேடி" என்று அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து சுற்றிக்காட்டுகிறது. நல்ல காரியம். கோயில்களையும் சிற்பங்களையும் பார்க்கலாம். உங்கள் கொள்ளுத் தாத்தா கல்தச்சராக இல்லாதவரை அங்கே அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதற்கு நீங்கள் தனியாக லீவு போட்டு வர வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியைக் கண்ணால் பார்த்தவரல்லர், 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து பதினாறு வயதில் அங்கேயே இறந்தவர். ஊர்ப் பெயர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டு நமக்கு வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒட்டிய பெயர் இல்லையென்றால் இத்தனை பாடும் பட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. எடுத்துக்கொண்டு போவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள்: கைப்பிடி மண், கோயில் குங்குமம், நூறு புகைப்படம். விட்டுவிட்டுப் போக ஒரு தாள் தயார் செய்துகொண்டு வாருங்கள். பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கம். கப்பலேறியவர் பெயர், தகப்பன் பெயர், ஆண்டு, எந்த நாடு, பட்டியல் எண், அவருடைய பிள்ளைகள் பெயர், இன்று தொடர்புகொள்ள வேண்டிய விலாசம். கண்ணாடித்தாள் உறை போட்டு, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒன்றைத் தலையாரியிடமும் கொடுங்கள். நீங்கள் இருந்த இரண்டு நாளில் ஊரில் இல்லாத ஆள்தான் பெரும்பாலும் விஷயம் தெரிந்த ஆளாக இருப்பார்.

வந்தவாசிப் பக்கத்து ஊரில் டர்பன்காரருக்கு உறவு யாரும் அகப்படவில்லை. இரண்டு நாள் சுற்றினோம். முனுசாமி என்று எவரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் தாளை ஆணியில் மாட்டிவிட்டு வந்தோம். போன அக்னி வசந்த விழாவுக்கு, அந்த அம்மனின் தீமிதித் திருவிழாவுக்கு, மறுநாள் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். கண்ணாடித்தாள் உறையைப் பிரித்து, தாளின் அடியில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: "இவர் தம்பி ஏழுமலையும் போனார். மலேயா." பூசாரிக்கு யார் எழுதியது என்று தெரியவில்லை. நானும் அந்த ஊர்த் தலையாரியும் இப்போது அந்தக் கையெழுத்துக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.